கடைசிப் பந்திக்குப் பிறகு ஏற்றிச் சென்றவர்கள்

காஜாவை நல்லவன் என்று சொல்லிவிட யாரும் அவசரப்பட வேண்டாம். ஒரு கொடுங்கோலனுக்கு வலக்கையாக இருந்தவன் அவன். அந்தக் கை செய்த காரியங்களில் ஒன்றை மறக்கப் பார்த்து முடியாமல் மனைவியிடம் மட்டும் சொல்லியிருக்கிறான். ஆனாலும் இன்று திருநீர்மலையில் உயிரோடு இருப்பவர்களிடம் அவன் பெயரைச் சொன்னால், பேசிக்கொண்டிருப்பவர்கள் ஒரு கணம் பேச்சை நிறுத்துவார்கள். அந்த ஒரு கணத்துக்காகத்தான் அவன் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

காய்ச்சல் வருவதற்கு முன்னால் அவன் பம்மலிலிருந்து பல்லாவரம் வழியாகத் தாம்பரம்வரை ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தான். இடமில்லை என்று எவரையும் திருப்பி அனுப்பாத தொழில் அது. மூன்று பேர் உட்காரும் பலகையில் நான்கு பேர், ஓட்டுபவன் பக்கத்தில் பாதி உடம்பு வெளியே தொங்க ஒருவர், அதற்கு மேலும் ஒருவர் கை காட்டினால், "கொஞ்சம் தள்ளி உக்காருக்கா, அதோ எடம் கீது பாரு" என்று இல்லாத இடத்தைக் காட்டுவான். மனிதர்களும் திட்டிக்கொண்டே தள்ளி உட்கார்வார்கள்.

பிறகு அந்தக் காய்ச்சல் வந்தது. அதில் செத்தவர்கள் எழுந்து நடந்தார்கள். கையில் கிடைத்தவர்களைக் கடித்தார்கள். கடிபட்டவர்களும் செத்து எழுந்தார்கள். இதை எல்லா ஊரும் கண்டது. தாம்பரம் கண்டதில் ஒரு தனித்தன்மை இருந்தது. இங்கே செத்தவர்கள் தங்கள் பழக்கத்தை விடவில்லை. விடிந்ததும் தாம்பரம் ஸ்டேஷனை நோக்கி நடந்தார்கள். அங்கே வராத ரயிலுக்காகப் பகல் முழுதும் நின்றார்கள். சாயங்காலம் அவரவர் தெருவுக்குத் திரும்பினார்கள். கழுத்தில் ஆபீஸ் அட்டை, தோளில் டிபன் பை. தாங்களாகப் பழக்கமில்லாத இடத்துக்கு அவர்கள் போவதில்லை. யாராவது கூட்டிப்போனால் மட்டும் போவார்கள்.

அந்த முதல் நாளில், நல்ல ஜுரத்தில் கிடந்த மனைவி ஜெய்னப்பை முன்சீட்டில் சாய்த்துக்கொண்டு, வழியில் கை காட்டியவர்களையெல்லாம் ஏற்றிக்கொண்டு காஜா ஜி.எஸ்.டி சாலையில் ஓட்டினான். எந்த அடுக்குமாடியிலும் கேட் திறக்கவில்லை. குரோம்பேட்டையைத் தாண்டி உள்ளே தள்ளி ஒரு கல்யாண மண்டபம் இருந்தது. உயர்ந்த மதில், சொந்த போர்வெல், ஜெனரேட்டர், அன்றைக்கு நடந்துகொண்டிருந்த கல்யாணத்துக்காக வந்து இறங்கிய அரிசி மூட்டைகள். கேட்டுக்கு உள்ளே கல்யாணத்துக்கு வந்த கூட்டம் நின்று, "அந்தம்மாவுக்கு ஜுரம்! உள்ள விடாதீங்க!" என்று கத்தியது. மண்டபத்தின் சொந்தக்காரர் தனக்கோடி கம்பிகளுக்கு இடையே கையை நீட்டி ஜெய்னப்பின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"இது மழைல நனைஞ்ச ஜுரம். என் மண்டபம், நான் தொறக்கிறேன். புடிக்காதவன் வெளிய போ."

திறந்தார். ஆட்டோவும் அதிலிருந்த அத்தனை பேரும் உள்ளே போனார்கள். ஜெய்னப் பிழைத்தாள். அன்றிலிருந்து தனக்கோடி சொன்னதை காஜா செய்தான். யோசித்துப் பார்த்தால், இதில் குறை சொல்ல எதுவுமில்லை. நன்றியுள்ளவனுக்கு யாருக்குக் கட்டுப்பட்டிருக்கிறோம் என்பது தெரிகிறது. எதுவரைக்கும் என்பதுதான் தெரிவதில்லை.

காஜாவுக்கு ஒரு வித்தை கைவசமாயிற்று. மண்டபத்து மதிலோரம் செத்தவர்கள் சேர்ந்துவிட்டால் ஆட்டோவை வெளியே எடுப்பான். "தாம்பரம் தாம்பரம் தாம்பரம், சானடோரியம், தாம்பரம்!" என்று பழைய ராகத்தில் கூவுவான். அத்தனை தலையும் திரும்பும். வண்டியை மனிதர் நடக்கும் வேகத்தில் ஓட்டினால் பின்னாலேயே வருவார்கள். நிறுத்தினால் ஏறிவிடுவார்கள். வேகமாகப் போனால் எதற்கு வந்தோம் என்பதை மறந்து நின்றுவிடுவார்கள். நடுவில் ஒரு வேகம் இருந்தது. அது அவனுடைய காலுக்கு மட்டுமே தெரிந்தது. அவர்களைப் பிணம் என்றோ வேறு பெயர் சொல்லியோ அவன் அழைத்ததில்லை. சவாரி என்பான்.

"இன்னிக்கு சவாரி ஜாஸ்தி," என்று திரும்பி வந்து சொல்வான். உள்ளே இருப்பவர்கள் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நிற்பார்கள்.

தனக்கோடி மெல்ல மெல்ல மாறினார். மாறினார் என்பதுகூடச் சரியா என்று தெரியவில்லை. முதலில் எல்லோருக்கும் பயன்பட்ட அதே பிடிவாதம்தான் பிறகு எல்லோர் கழுத்தையும் நெரித்தது. மேடையில் மாப்பிள்ளைக்குப் போட்டிருந்த சிவப்பு வெல்வெட் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு ஆணை போட்டார். பந்திதான் அவருடைய ஆயுதம். தன்னைப் புகழ்ந்தவர்களுக்கு முதல் பந்தி. வாயைத் திறக்காதவர்களுக்கு இரண்டாவது. எதிர்த்துப் பேசியவர்களுக்குக் கடைசி. கடைசிப் பந்தியில் ரசம் தண்ணீராக இருக்கும், சில நாள் சோறே இருக்காது. அதற்கும் அடங்காதவர்களைக் கடைசிப் பந்தி முடிந்ததும் காஜாவின் ஆட்டோவில் ஏற்றி ஸ்டேஷனில் இறக்கிவிட வேண்டும். சவாரிகள் நடுவில்.

முதலில் அப்படி அனுப்பப்பட்டவர் ஹரிபிரசாத். பெண் வீட்டுக்குத் தூரத்து உறவு, வங்கியில் வேலை பார்த்தவர். அரிசி எவ்வளவு மிச்சம் என்று எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்று கேட்டார், அவ்வளவுதான். காஜா அவரைச் சொன்னபடியே ஸ்டேஷன் வாசலில் இறக்கிவிட்டான். அவர் இறங்கும்போது, பழக்கதோஷத்தில், "தேங்க்ஸ்ப்பா" என்றார். மனைவியிடம் காஜா சொல்லியிருப்பது இதைத்தான்.

இரண்டாவதாக அனுப்பப்பட்டவர் சுபத்ரா டீச்சர். பம்ப்பில் தண்ணீர் அடிக்கிறவர்கள் ஏன் கடைசிப் பந்தியில் சாப்பிட வேண்டும் என்று கேட்டார். "டீச்சர், இங்க வந்து கிளாஸ் எடுக்காதீங்க," என்றார் தனக்கோடி. ஆட்டோ கேட்டைத் தாண்டியது. கொஞ்ச தூரம் போனதும் திருநீர்மலை சாலையில் திரும்பியது.

"ஸ்டேஷன் இந்தப் பக்கம் இல்லையேப்பா," என்றார் சுபத்ரா.

"தெரியும் டீச்சர். உக்காருங்க."

"அவருக்குத் தெரிஞ்சா உனக்கு ஒண்ணும் ஆகாதா?"

"ஆவும். நீங்க எறங்கிக்குங்க, அப்பறம் பாத்துக்கலாம்."

செத்தவர்களில் யாருக்கும் மலைக்குப் போகும் தினசரிப் பழக்கம் இருக்கவில்லை. ஆகவே அந்தப் பக்கம் காலியாகவே கிடந்தது. அடிவாரத்தில் குளம், மேலே கல் மண்டபம். அதற்குப் பிறகு கடைசிப் பந்திக்குப் பின் ஏற்றப்பட்ட எல்லோரையும், குழந்தை வைத்திருந்தவர்களையும் சேர்த்து, காஜா அங்கேதான் இறக்கிவிட்டான். திரும்பி வந்து, "எறக்கிட்டேண்ணே," என்பான். அது பொய்யில்லை. காலையில் தனக்கோடிக்காக வண்டி ஓட்டினான். சாயங்காலம் தனக்கோடிக்கு எதிராக ஓட்டினான். இரண்டையும் ஒரே ஆள் செய்வதில் இருக்கிற கோணல் அவனுக்குத் தெரியாமலில்லை. தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறான் என்று ஜெய்னப் சொன்னாள்.

ஒரு நாள் தனக்கோடி அவனை மேடைக்குக் கூப்பிட்டார். மடியில் கல்யாணப் புகைப்படக்காரன் ஸ்ரீவத்சனின் கேமரா இருந்தது, முழங்கை நீளத்துக்கு லென்ஸோடு.

"திருநீர்மலைல பொக வர்து காஜா. பாத்தியா?"

"இல்லண்ணே."

"நான் பாத்தேன். மொட்டமாடிலருந்து இதுல பாத்தேன். டீச்சர் பொடவ காயப்போட்டுகினு கீறாங்க." லென்ஸைத் துடைத்தார். "ஸ்டேஷன்ல எறக்கினியே, அதே டீச்சர்தான். நடந்து போயிருப்பாங்களோ?"

காஜா ஆட்டோ சாவியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான்.

"பயப்படாத. மனசு எளகிச்சு, செஞ்சிட்ட. எனக்கும் எளகும், நானும் மனுசன்தான். இப்ப நீயே அத சரி பண்ணிடு. காலைல உன் சவாரிங்கள மலைக்குக் கூட்டிகினு போ. படிக்கட்டு வரைக்கும் வுட்டுட்டு வந்துரு."

"அண்ணே, கொழந்தைங்கல்லாம் கீதுங்க அங்க."

"இங்க இல்லியா? கேளு. வெளிய போனாலும் பொழச்சிக்கலாம்னு தெரிஞ்சா இங்க எவன் என் பேச்சக் கேப்பான்? ஆளாளுக்கு கேட்டத் தொறப்பான். ஒருத்தன் தொறந்துட்டு மூட மறந்தா போதும், மொத்தமும் காலி. நான் கெட்டவனா இருக்கறதாலதான் இந்த மதிலு நிக்கிது." குரலைத் தாழ்த்தினார். "அன்னிக்கு ஜெய்னப்ப போட்டுகினு வந்தியே. கேட்டத் தொறந்தது யாரு?"

"நீங்கதாண்ணே."

"போ. போய் சாப்பிடு."

அவர் சொன்னதில் ஒரு துளி உண்மையும் இல்லையென்றால் காஜாவுக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும்.

மணமகள் அறையில் ஜெய்னப்பும் அவனும் இன்னும் இரண்டு குடும்பங்களும் தங்கியிருந்தார்கள். மற்றவர்கள் முற்றத்துக்குப் போன நேரம் பார்த்து அவளிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் நெல்லிக்காயளவு இருந்த சோப்பைத் தேய்த்துத் துணி அலசிக்கொண்டே கேட்டாள்.

"என்னா செய்யப் போறீங்க?"

"அவரு இல்லன்னா நீ இல்ல."

"ஆமா. அஞ்சு வேளையும் அவருக்காக துவா கேக்குறேன். உங்களுக்குக்கூட அவ்வளவு கேக்கல." துணியைப் பிழிந்தாள். "ஒண்ணு சொல்லட்டா? அன்னிக்கு கேட்டாண்ட நின்ன அத்தினி பேரும் இவள வுடாதன்னாங்க. அவரு கேக்கல. நீங்களும் கேக்காதீங்க. அவருக்கு நன்றி காட்டணும்னா அன்னிக்கு அவரு செஞ்சத செய்ங்க. இன்னிக்கு அவரு சொல்றத ஏன் செய்யணும்?"

காஜா அவளையே பார்த்தான்.

"இன்னா பாக்கறீங்க? ஜுரம் அடிச்சவ தலைக்கு மூள இருக்காதுன்னு நெனச்சீங்களா? பேஜாரு புடிச்ச ஆளு. இந்த ஜமுக்காளத்த புடிங்க, பிழியணும்."

காலையில் ஆட்டோ கிளம்பியது. மதிலோரம் நின்ற சவாரிகளைக் கூவிக் கூட்டிக்கொண்டு சாலைக்கு வந்தான். மொட்டைமாடியில் தனக்கோடி கேமராவோடு நிற்பது அவனுக்குத் தெரியும். திருநீர்மலைக்குத் திரும்பும் இடம் வந்தது. காஜா திரும்பவில்லை.

"பெருங்களத்தூர், வண்டலூர், கூடுவாஞ்சேரி!" என்று கூவினான். அது அவனுடைய ரூட் இல்லை. அந்தப் பெயர்களை அவன் வாய் அதற்கு முன் கூவியதில்லை, ராகம் பிசகியது. ஆனாலும் வந்தார்கள். தாம்பரம் ஸ்டேஷன் வாசலைக் கடந்தபோது அங்கே நின்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். மேம்பாலத்தின் நிழலிலிருந்து கூட்டம் கூட்டமாக வந்தார்கள். கண்ணாடியில் பார்த்தால் சாலை முழுக்கத் தலைகள்.

வண்டலூர் தாண்டியபோது, வண்டியின் பின்கம்பியைத் தொடும் தூரத்தில் ஹரிபிரசாத் நடந்து வருவதைப் பார்த்தான். சரிகைக் கரை வேட்டி, கையில் இன்னும் கல்யாணத்துத் தாம்பூலப் பை. காஜாவின் கால் தடுமாறியது. வண்டி ஒரு குலுங்கு குலுங்கி நிற்கப் பார்த்தது. ஒரு கை வந்து கம்பியைப் பிடித்தது.

"வாங்க சார்," என்றான் காஜா. "கம்பிய வுட்டுட்டு வாங்க சார். முன்னாடி எடம் இல்ல சார்." காலை அழுத்தினான். கை நழுவியது. இடமில்லை என்று வாழ்நாளில் அவன் சொன்னது அன்றுதான்.

பகல் முழுதும் போயிற்று. மறைமலை நகரில் தொழிற்சாலைகள் இருக்கும் தெருவில், கம்பெனி பஸ்ஸுக்காகச் சீருடையோடு ஒரு நீண்ட வரிசை நின்றுகொண்டிருந்தது, எல்லோரும் செத்தவர்கள். காஜா அந்த வரிசையின் ஓரமாக வண்டியை விட்டு, பிறகு சட்டென்று வேகமெடுத்தான். பின்னால் வந்தவர்கள் எதற்கு வந்தோம் என்பதை மறந்து நின்றார்கள். அப்புறம் ஒவ்வொருவராக வரிசையின் பின்னால் போய் நின்றுகொண்டார்கள். ஹரிபிரசாத்தும் நின்றார். வேறொரு நாளாக இருந்தால் காஜா சிரித்திருப்பான்.

திரும்பும் வழியில் மலைக்குப் போய்விடலாம் என்று தோன்றாமல் இல்லை. ஆனால் ஜெய்னப் உள்ளே இருந்தாள். அவள் இல்லாவிட்டாலும் மண்டபத்துக்கே போயிருப்பான் என்றுதான் தோன்றுகிறது. சொன்னதைச் செய்யவில்லை என்பதை மதிலுக்கு வெளியே நின்று சொல்ல அவனுக்கு மனமில்லை.

வெயில் சாய்வதற்குள் மண்டபத்துக்கு வந்தான். கேட் திறந்தது. பந்தி நடந்துகொண்டிருந்தது. பரிமாறிக்கொண்டிருந்த ஏசுதாசன், மண்டபத்துத் தலைமைச் சமையல்காரர், முதல் வரிசையில் அவனுக்கு வழக்கமான இடத்தில் இலை போட்டார். காஜா உட்கார்ந்தான். அன்று தனக்கோடி எல்லோரையும் ஒரே பந்தியில் உட்காரச் சொல்லியிருந்தார். அவர் சொல்லப்போவதை எல்லோரும் கேட்க வேண்டியிருந்தது.

"எங்க வுட்டுட்டு வந்த?"

"மறைமலை நகர்லண்ணே."

"நான் எங்க சொன்னேன்?"

"அங்க போவ மாட்டேண்ணே. நாளைக்கு சொன்னாலும் போவ மாட்டேன். டீச்சர மட்டும் இல்ல, நீங்க அனுப்பின எல்லாரையும் நான்தான் அங்க எறக்கினேன். எல்லாரும் உசுரோட கீறாங்க. மொத ஆள் ஹரிபிரசாத் சாரத் தவர."

கூடத்தில் யாரோ ஒரு பெண் வாய்விட்டு அழுதாள். மலையில் இருப்பவர்களில் அவளுடைய தம்பியும் உண்டு. செத்துவிட்டான் என்று நினைத்திருந்தாள்.

தனக்கோடி அழுதவளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சொன்னார். "சாப்ட்டு எழுந்திரு. வண்டிய எடுத்துகினு போயிடு. ஜெய்னப் இங்கயே இருக்கட்டும். நீ வாலாட்டாம இருக்க அது போதும்."

பெண்கள் வரிசையிலிருந்து ஜெய்னப் எழுந்தாள். பந்தியில் மற்றவர்கள் சாப்பிடும்போது பாதியில் எழுவது இந்தப் பக்கத்தில் எவரும் செய்யாத காரியம். அவளுக்குப் பக்கத்தில் இருந்த கிழவியும் எழப்போனாள், எழுவதற்கு முன் தன் இலையை மடித்தாள். கல்யாணத்தில் இலையைத் தன் பக்கமாக மடிப்பார்கள். உறவு தொடரட்டும் என்பது அதன் அர்த்தம். சாவு வீட்டில்தான் எதிர்ப்பக்கமாக மடிப்பது. கிழவி எதிர்ப்பக்கமாக மடித்தாள். சோறு பாதி இலையில் இருந்தது. அவளுக்கு அடுத்தவளும் அப்படியே மடித்தாள். அழுத பெண் மடித்தாள். பிறகு ஆண்கள் வரிசையில். இலைகள் மடிபடும் சத்தம் தவிர வேறு சத்தமில்லை. ஏசுதாசன் சாம்பார் வாளியைத் தரையில் வைத்தார்.

"உக்காருங்க," என்றார் தனக்கோடி. "டேய், உக்காருங்கடா! சோத்த வுட்டுட்டு எவனாவது எழுந்திரிப்பானா? யேசு, நீயுமா?"

"வயிறு சரியில்லண்ணே," என்றார் ஏசுதாசன். அவர் ஒரு வாய்கூடச் சாப்பிட்டிருக்கவில்லை.

காஜா தனக்கோடியின் முன்னால் வந்து நின்றான். கேட் சாவி அவருடைய இடுப்பில் இருந்தது. எத்தனையோ பேர் இருந்த கூடத்தில் அதைப் பிடுங்குவது பெரிய காரியமில்லை. காஜா கையை நீட்டவில்லை.

"ரோடு இப்ப காலிண்ணே. சவாரி எல்லாம் அங்க நிக்கிது. இருட்டறதுக்குள்ள நடந்தே மலைக்குப் போயிடலாம். நீங்களும் வாங்க. முன்சீட்டு காலியாத்தான் கீது."

"எல்லாரும் போய்ட்டா இங்க நான் யாருக்குடா மண்டபம் நடத்துறது?" என்றார் தனக்கோடி. கேள்வி அவனைக் கேட்டது போலவே இல்லை.

அவர் கேட்டுவரை நடந்து வந்தார். பூட்டில் சாவி உடனே திரும்பவில்லை; யாரும் உதவவில்லை, காஜா யாரையும் உதவ விடவில்லை. கேட் திறந்தது. அவர்தான் திறந்தார். இதை எவ்வளவு நிதானமாக யோசித்தாலும், அந்த மனிதரின் கணக்கில் இரண்டாவது முறையாக எழுத வேண்டிய நல்ல காரியமாகத்தான் தெரிகிறது. நிர்ப்பந்தத்தில் செய்தாரா, மனதாரச் செய்தாரா என்பதை அவரிடம்தான் கேட்க வேண்டும்.

நடக்க முடியாதவர்களை ஆட்டோ பலமுறை போய்வந்து ஏற்றிச் சென்றது. மற்றவர்கள் நடந்தார்கள். ஸ்ரீவத்சனும் வேறு சிலரும் தனக்கோடியோடு தங்கிவிட்டார்கள். பயத்தினாலோ பாசத்தினாலோ, அவர்களையும் யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

செத்தவர்கள் சில நாட்களில் மறைமலை நகரிலிருந்து ஒவ்வொருவராகத் திரும்ப ஆரம்பித்தார்கள், பழைய பழக்கம். மலையில் இருப்பவர்களுக்காக காஜா தினமும் வண்டியை எடுக்கிறான். எடுத்தவன் முதலில் போவது மண்டபத்து மதிலுக்கு. அங்கே சேர்ந்து நிற்கும் சவாரிகளைக் கூவி விலக்கிவிட்டுத்தான் மற்ற இடத்துக்குப் போகிறான்.

"டீசல் நமக்கே இழுபறி," என்றார் சுபத்ரா ஒருநாள். அவர்தான் இப்போது மலையில் எல்லாக் கணக்கும் பார்ப்பவர். "அந்த ஆளுக்காக ஏன்ப்பா அவ்வளவு தூரம் சுத்தற? உன் மேல அவரு கொலை வெறியில இருந்தவரு."

"இருந்தாரு டீச்சர்."

"அப்புறம்?"

"அப்பறம் இன்னா? அதோ ஜெய்னப் உசுரோட கீறாளே." அடுப்பில் ஊதிக்கொண்டிருந்த மனைவியைக் காட்டினான். சுபத்ரா டீச்சர் கணக்கு நோட்டில் டீசலைக் குறித்துக்கொண்டார். அவருக்கு அந்தப் பதில் முழுக்க ஒப்புதலாக இருந்தது என்று சொல்ல முடியாது.

மண்டபத்து மதிலோரம் சவாரிகளை விலக்கிக்கொண்டு போகும் நேரங்களில் மொட்டைமாடியில் தனக்கோடி நிற்பார். அவர் கை அசைத்ததில்லை. இவனும் அசைத்ததில்லை. போன வாரம் ஒருநாள் திரும்பி வரும்போது கேட்டுக்கு வெளியே அரிசி மூட்டைகள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன, பக்கத்தில் கல்யாணச் சமையலுக்கான பெரிய அண்டா ஒன்று. மாடியில் யாருமில்லை. காஜா எல்லாவற்றையும் ஏற்றினான். அண்டா உள்ளே போகாமல் கூரைமேல் கட்ட வேண்டியிருந்தது.

மன்னிப்புக் கேட்கிறார் என்றார் ஏசுதாசன். அரிசி வண்டு பிடித்துவிட்டிருக்கும், அதனால்தான் கொடுத்திருக்கிறார் என்றார் சுபத்ரா. பிரித்துப் பார்த்தால் வண்டு இல்லை. ஜெய்னப் அண்டாவைத் தேய்த்துக் கழுவினாள். அவ்வளவு பெரிய அண்டாவில் இங்கே யாருக்கும் அளவு பிடிபடவில்லை, ஏசுதாசனுக்கே குளத்துத் தண்ணீரில் கணக்குத் தப்பியது. அன்று சோறு குழைந்துவிட்டது. எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். யாரும் குறை சொல்லவில்லை.